ஒரகடத்துக்கு மேயர் இல்லை

2022-ல் பதவியேற்ற ஆர். பிரியாதான் சென்னையின் முதல் தலித் மேயர் என்று நம் கூட்டங்களில்கூடச் சொல்கிறார்கள். அவர் முதல் தலித் பெண் மேயர். 1937-லேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார். 1945-ல் என். சிவராஜ் அமர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் உருவாக்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர் அவர். நம் வரலாற்றை நாமே சுருக்கிவிட வேண்டாம்.

ஆனால் நாற்காலி மட்டும் போதுமா? மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த 23 ஆண்டுகள் அந்த நகரத்துக்கு மேயரே இல்லை, அதிகாரிகள்தான் ஆண்டார்கள். 1996-ல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் அந்த உரிமை கவுன்சிலர்களுக்குப் போனது, 2011-ல் மக்களிடம் திரும்பியது, 2022-ல் மறுபடியும் கவுன்சிலர்களிடம்.

இதன் விளைவைத் தாம்பரத்தில் பார்த்தோம். 2021 நவம்பரில் உருவான மாநகராட்சி அது. அதன் முதல் மேயர் பதவியே பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பிப்ரவரி 19 அன்று மக்கள் வார்டு கவுன்சிலர்களுக்கு வாக்களித்தார்கள். மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி, 25 வயதான வசந்தகுமாரி கமலக்கண்ணனை மேயராக்கினார்கள். ஒரு தலித் இளம்பெண் அங்கே அமர்ந்ததில் நமக்குப் பெருமைதான். ஆனால் 'இந்த நகரத்தை எப்படி வளர்ப்பேன், யாருக்காக வளர்ப்பேன்' என்று தெருவில் நின்று சொல்லி வாக்குக் கேட்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. நிர்வாக அதிகாரமோ ஆணையரிடம் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் இது ரிப்பன் மாளிகை வாசலிலேயே வெளிப்பட்டது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் நம் பெண்கள். உள்ளே தலித் மேயர், வெளியே தலித் தொழிலாளர்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அகற்றியது.

குறைபாடு இருந்தாலும் சென்னையில் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. ஒரகடத்தில் அதுவும் இல்லை.

ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கால் நூற்றாண்டில் இங்கே ஒரு பெருநகரமே எழுந்துவிட்டது, நகராட்சிதான் எழவில்லை. ஆலைகளும் விடுதிகளும் வாடகை அறைகளும் தனித்தனி ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கின்றன. சாலையையும் தண்ணீரையும் சிப்காட் ஆலைகளின் வாசல்வரை கொண்டுபோகிறது. சேரிக்கு வரும் தண்ணீர் பற்றிக் கேட்டால் ஊராட்சியைக் கை காட்டுகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தோழிகளுக்காக, ஐபோன் தயாரிக்கும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். சாலையை மறித்தால்தான் பேச ஆள் வருகிறது. வெளியூரிலிருந்து வந்த பெரும்பாலோருக்கு இங்கே வாக்கும் கிடையாது.

'அப்படியானால் தொழில் நகரியமாக அறிவித்துவிடலாமே' என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவைப் படியுங்கள். ஆலை நிர்வாகமே குடிமை வசதிகளைத் தருகிற அல்லது தர முன்வருகிற இடத்தை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவிக்கலாம். அங்கே நகராட்சி அமைக்கத் தேவையில்லை. நகராட்சி இல்லையென்றால் தேர்தல் இல்லை. தேர்தல் இல்லையென்றால் 243-டி பிரிவு பட்டியல் சாதியினருக்குத் தரும் இடங்களும் இல்லை. டாடா நிறுவனம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடிமை வசதிகளை நடத்தும் ஜாம்ஷெட்பூரின் சாலைகளை எல்லோரும் புகழ்கிறார்கள். அந்த ஆலை நகரத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மாநகராட்சி கிடையாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

நிலத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்ரீபெரும்புதூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892-ன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994-ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இன்று ஓர் ஆலை வளாகத்துக்குள் எவ்வளவு பஞ்சமி நிலம் போயிருக்கிறது என்று எழுந்து கேட்க நம்மிடம் இருக்கும் ஒரே பொது மன்றம் கிராம சபை. தொழில் நகரியம் வந்தால் அதுவும் போய்விடும்.

காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகள் 2021 அக்டோபரில் பொறுப்பேற்றன. 2026 அக்டோபரில் அவற்றின் ஐந்தாண்டு முடிகிறது. இதற்கு முந்தைய பதவிக்காலம் 2016-ல் முடிந்தபோது, அடுத்த தேர்தலுக்கு இந்த மாவட்டத்தை ஐந்து ஆண்டுகள் காக்க வைத்தார்கள்.