சுவரில் டிரில் போடப் போறீங்களா? உள்ளே ஓடும் வயர், பைப்பில் சிக்காமல் தப்பிப்பது எப்படி?

புது வீட்டில் சாமி படம் மாட்டணும், டிவி மாட்டணும், பாத்ரூமில் ஷெல்ஃப் வைக்கணும். டிரில்லை எடுத்து சுவரில் வைத்து அழுத்துகிறோம். 'டப்' என்று ஒரு சத்தம், வீடே இருட்டு. இல்லையென்றால் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது.

பழைய வீடுகளில் வயர் சுவருக்கு மேலேயே ஓடும், கண்ணுக்குத் தெரியும். இப்போது எல்லாமே சுவருக்குள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். உயிரைப் பறிக்க அது போதும்.

வயர் எந்த வழியாகப் போகும்?

பெரும்பாலும் மேலே கான்கிரீட் தளத்துக்குள் வரும் பிவிசி பைப், சுவரில் நேராக இறங்கி சுவிட்ச் போர்டுக்கு வரும். அதனால் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே டிரில் போடவே கூடாது. பக்கவாட்டில் அதே உயரத்தில் இன்னொரு பிளக் பாயிண்ட் இருந்தால், இரண்டுக்கும் நடுவிலும் வயர் ஓடலாம். ஏசி, ஹீட்டர், சுவர் விளக்கு பாயிண்டுகளுக்கும் இதே கணக்குதான். இந்தக் கோடுகளின் இரண்டு பக்கமும் அரை அடி விட்டுவிடுங்க.

சிலர் செலவை மிச்சப்படுத்த வயரைக் குறுக்காகவும் இழுத்திருப்பார்கள். அதனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிவிட முடியாது. சீலிங்கில் துணி காயப்போடும் ஹேங்கர் மாட்டுபவர்களும் உஷார்: ஃபேனுக்குப் போகும் வயர் தளத்துக்குள்தான் இருக்கிறது.

தண்ணீர் பைப் எங்கே இருக்கும்?

குழாய், ஷவர், ஹீட்டர், வாஷ்பேசின் ஆகியவற்றை இணைக்கும் நேர்கோடுகளில். இங்கே பலரும் கோட்டை விடுவது சுவரின் மறுபக்கத்தை. பெட்ரூம் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கலாம். நாலரை இஞ்ச் சுவர் என்றால், இந்தப் பக்கம் போடும் ஓட்டை அந்தப் பக்கத்துப் பைப்பைத் தொட்டுவிடும். முதலில் மறுபக்கம் போய்ப் பாருங்க.

டிடெக்டர் கருவி போதுமா?

உதவும், ஆனால் முழுசாக நம்ப முடியாது. உலோகத்தை மட்டும் கண்டுபிடிக்கும் கருவிக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பைப் தெரியாது. மின்சாரத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, வயரில் கரண்ட் இருந்தால்தான் காட்டும். அதனால் மெயினை ஆஃப் செய்வதற்கு முன்பே சோதித்துவிடுங்க.

டிரில் போடும்போது

* அந்தச் சுவரில் உள்ள லைட், பிளக் பாயிண்டுகளுக்கான எம்சிபியை ஆஃப் செய்யுங்க. டெஸ்டர் வைத்து கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்க. பேட்டரி டிரில் இருந்தால் மொத்த மெயினையும் ஆஃப் செய்துவிடலாம்.
* தேவையான ஆழத்தை அளந்து, டிரில் பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்க. ஆனால் வயர் பைப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கலாம். ஆழம் குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம்.
* மெதுவாக ஆரம்பியுங்க. திடீரென்று வழுக்கினாலோ, உலோகத்தில் உரசும் சத்தம் வந்தாலோ, பிளாஸ்டிக் துகள், ஈரத் தூள் வந்தாலோ உடனே நிறுத்துங்க.
* காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

வயரில் பட்டால், டிரில்லின் உலோகப் பகுதியைத் தொடாமல் மெயினை ஆஃப் செய்யுங்க. அதன் பிறகுதான் டிரில்லை வெளியே எடுக்கணும். ஓட்டையை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு மறந்துவிடுவது பெரிய தப்பு. காயம்பட்ட வயர் பிறகு சூடாகித் தீப்பிடிக்கலாம், மழைக்காலத்தில் ஈரச் சுவரில் கரண்ட் கசியலாம். எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை அந்த எம்சிபியைப் போடாதீங்க.

பைப்பில் பட்டால், மாடி டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, கீழே உள்ள குழாய்களைத் திறந்து விடுங்க. அருகில் சுவிட்ச் போர்டு இருந்தால் முதலில் கரண்ட், அப்புறம்தான் தண்ணீர். கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு மெயினைத் தொடுங்க.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்போடு சேர்த்து போட்டோ எடுத்து வையுங்க. பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போதும் அந்த போட்டோ கைகொடுக்கும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் கேட்டுவிட்டு டிரில்லை எடுங்க. சந்தேகம் தீரவில்லையா? ஒரு அடி தள்ளி மாட்டுங்க, சாமி கோவிச்சுக்க மாட்டார்!