மாண்ட குதிரைகளும் மறைந்த மருத்துவமும்: பாண்டியர் காலப் பரி வாணிகம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் பின்புலத்தே அமைந்த கப்பல்துறை என்னும் ஊர், கடலோடும் வாணிகத்தோடும் இப்பகுதி கொண்டிருந்த தொடர்பைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. அதற்கு அண்மையில், பிரெடறிக் கோட்டை வாயிலிற் காணப்படும் இரட்டைக் கயற் சின்னம் அத்தொடர்பின் அரசியல் முகத்தைக் காட்டுவதாகும். 1263 ஆம் ஆண்டளவில் சடாவர்மன் வீரபாண்டியன் இலங்கைமீது படையெடுத்துக் கோணமலையிலே தன் கயற்கொடியைப் பொறித்தமையைக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகின்றது. கடல்கடந்து தன் சின்னத்தை நாட்டிய இவ்வரசு, தன் படைவலிமையின் பெரும் பகுதியாகிய குதிரைகளைக் கடல்கடந்தே பெற்றுவந்தது. பெற்ற குதிரைகளை அதனாற் காப்பாற்ற முடியவில்லை. இதற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் வரலாற்றிலே குதிரை கடல்வழி வந்த விலங்காகவே பெரிதும் அறியப்படுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கடல்வழி வந்திறங்கிய பரிகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. கி. மு. 2 ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் ஆகிய தமிழர் இருவரையும், கப்பலிற் குதிரை கொணரும் வணிகன் ஒருவனின் மைந்தர் என மகாவம்சம் கூறும். பரி வாணிகம் அரசையே கைப்பற்றத்தக்க செல்வத்தையும் செல்வாக்கையும் ஈட்டித்தரவல்லதாய் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. குதிரைக்கு மருத்துவம் பார்க்கும் தொழிலும் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. கி. பி. 4 ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் படைவீரர்க்கும் வைத்தியர்களை நியமித்தான் என்பது சூளவம்சச் செய்தி.

இப்பின்னணியில் 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அயலார் குறிப்புகள் இரண்டினை நோக்குவாம். ஒன்று, பாண்டி நாட்டுக் கரையைத் தானே கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவுடையது. ஓர்மூஸ், கீஷ், டோபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர் ஆண்டுதோறும் குதிரைகளைக் கொணர்ந்தனர் என்றும், அரசுடன்பிறந்தார் ஐவரும் ஒவ்வொருவராக 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகின்றார். பராமரிக்கத் தெரிந்தோர் இல்லாமையாலும் பரி வைத்தியர் இல்லாமையாலுமே குதிரைகள் மாண்டன. வணிகர் அத்தகைய வைத்தியரைத் தாமும் கொணர்வதில்லை, பிறர் வரவும் விடுவதில்லை. குதிரைகளின் சாவே அவர்களுக்கு ஆதாயமாயிற்று என்பது அவர் கூற்று.

மற்றையது பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியது. கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டொன்றுக்கு 1400 குதிரைகளை மாபார் எனப்பட்ட பாண்டி நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசிலே அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளின் பொறுப்பாளராகவும் விளங்கினார். விற்பவரின் குடும்பமே வாங்கும் அரசின் அவையிலும் இடம்பெற்றிருந்தது என்பது கவனித்தற்குரியது. ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு. வழியில் இறந்த குதிரைக்கும் அரசே விலை கொடுத்தல் வேண்டும் என்பது உடன்படிக்கை. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் ஊட்டி, முளைகளிற் கயிற்றாற் பிணித்து, நாற்பது நாள் நிலையாக நிறுத்திக் கொழுக்கச் செய்தனர் என்றும், பின் பயிற்சியின்றியே போர்வீரர் அவற்றை விரட்டி ஓட்டினர் என்றும், விரைவிலேயே அவை வலிவிழந்து பயனற்றவையாயின என்றும் வசாப் கூறுகின்றார்.

இக்கூற்றுகளை அப்படியே ஏற்றல் பொருந்தாது. வசாப் பாண்டி நாட்டை நேரிற் கண்டவர் அல்லர், கேட்டவற்றை எழுதியவர். போலோவின் எண்கள் மிகைப்பட்டிருக்கக்கூடும். எனினும் ஒருவரையொருவர் அறியாத இருவரும் பராமரிப்புக் குறையையே காரணமாகச் சுட்டுதலால், அதன் அடிப்படை உண்மையை ஐயுறுதற்கில்லை. இன்றைய மிருக வைத்தியமும் இதனை உறுதிப்படுத்துகின்றது. குதிரையின் இரைப்பை சிறிது. அதனால் வாந்தியெடுக்க இயலாது. புல்லையும் வைக்கோலையும் குறைத்துத் தானியத்தை மிகுத்து ஊட்டினால், செரியாத மாப்பொருள் பெருங்குடலிற் புளித்து, கடுஞ் சூலையையும் குளம்பழற்சியையும் விளைக்கும். அசைவின்றிக் கட்டிவைத்தல் இக்கேட்டினை மிகுவிக்கும். நாற்பது நாள் உபசாரமே நோய்க்கு வித்தாயிற்று எனலாம்.

சூழலுக்கும் இதிற் பங்குண்டு. குதிரையின் பின்னுடலைத் தளரச்செய்து வீழ்த்தும் கும்ரி என்னும் நோய் இந்தியாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. இடுப்பைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். இதன் காரணத்தை, இலங்கைக் குதிரைகளை ஆதாரமாகக் கொண்டு இன்னெசும் பிள்ளையும் 1955 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு விளக்கிற்று. மாட்டின் வயிற்றறையிலே பெருந் தீங்கின்றி வாழும் செத்தாரியா என்னும் நூற்புழுவின் இளம் உயிரியை நுளம்பு குதிரைக்குக் கடத்துகின்றது. தனக்குரியதல்லாத அவ்வுடலில் அது வழிதவறி முண்ணாணுட் புகுந்து நரம்பைச் சிதைக்கின்றது. மாடும் நீர்தேங்கிய வயலும் நுளம்பும் ஒருங்கே அமைந்த நெல் விளை நிலம் குதிரைக்கு இடர் மிக்க நிலமே. 13 ஆம் நூற்றாண்டின் எந்த வைத்தியரும் இதனை அறிந்திருத்தல் இயலாது.

ஆயின், அறியக்கூடியனவும் அறியப்படாமற் போனமைக்குக் காரணம் யாது? அறிவே இந்நாட்டில் இல்லை என்று போலோவைப் பின்பற்றிக் கூறிவிட முடியாது. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் பரிநூல் மரபு பழமையானது. சயதத்தரின் அசுவ வைத்தியகம் நோய்களையும் மருந்துகளையும் விரித்துரைக்கும். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் 1952 ஆம் ஆண்டு பதிப்பித்தது. அறிவு இருந்தது, அது வடமொழி ஏட்டிலும் அரசவையிலும் இருந்தது. முளையடித்துக் கயிறு கட்டிய பந்தித் தொழிலாளியின் கைக்கு அது வந்து சேரவில்லை.

இதனோடு மாட்டு வைத்தியத்தை ஒப்பிடுதல் பயன்தரும். மாட்டு வாகடம் தமிழில் எழுந்தது, தமிழில் வழங்கிற்று. மூலிகையும் சூடிடுதலும் அறிந்த மாட்டு வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். எருது மாண்டால் உழவு நிற்கும். உழவு நின்றால் உழவன் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆதலின் விலங்கைப் பேணும் கையே அதன் நோயை அறியும் கையாகவும் இருந்தது. குதிரையின் நிலை வேறு. அதனைப் பேணியவன் அதற்கு உரியவன் அல்லன். உரியவனாகிய அரசன் அதனைப் பேணியவன் அல்லன். விற்றவனுக்கோ அதன் இறப்பு அடுத்த ஆண்டின் விற்பனை.

எனவே வணிகரின் சூழ்ச்சி மட்டும் இதற்குப் போதிய விளக்கமாகாது. வைத்தியரை வணிகர் தடுத்தாலும், அரசு விரும்பின் தன் பந்தியாளரைப் பயிற்றியிருத்தல் கூடும். அது நிகழாமைக்கு விடையை வசாப்பின் மற்றொரு குறிப்பிற் காணலாம். ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் மாபார், கம்பாயம் முதலிய துறைகளுக்கு வந்தன என்றும், அவற்றின் விலையாகிய 22 இலட்சம் பொற்காசு கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த பெண்டிர்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்றும் அவர் எழுதுகின்றார். தொகை எவ்வாறாயினும், இழப்பு எவர் தலையில் விழுந்தது என்பது இங்குப் புலனாகின்றது. வணிகனும் இழக்கவில்லை, மன்னனும் உடனடியாக உணரவில்லை. கோயில் நிலத்தை உழுத குடிகளின் விளைவே மாண்ட குதிரைகளுக்கு விலையாயிற்று. இழப்பை உணராத ஆட்சிக்கு மருத்துவத்தின் தேவையும் தோன்றாது.

குதிரை வாங்கத் தந்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையிற் கோயிற்பணிக்குச் செலவிட, நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாகிப் பந்தியிலிருந்த குதிரைகளையும் கொன்று மறைந்தன என்பது திருவிளையாடற் புராணக் கதை. அதனை வரலாறாகக் கொள்ளுதல் தகாது. எனினும் கோயிலுக்கும் குதிரைக்கும் இடையே அரசுப் பொன் கிடந்து இழுபட்டமையும், விலைகொடுத்து வாங்கிய பரிகள் விரைந்து இல்லாமற் போனமையும் மக்கள் நினைவிற் பதிந்திருந்தமைக்கு அக்கதை ஓர் அறிகுறி எனக் கருதுதல் பொருந்தும்.

குதிரை வாழவியலாத தட்பவெப்பம் என்ற ஒற்றைக் காரணத்தை நெடுந்தீவு மறுத்து நிற்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அங்குக் குதிரை வளர்த்தனர். அவர்கள் கைவிட்டுச் சென்ற மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் பந்தியும் பரிகாரியுமின்றிப் புல்வெளியில் இனம்பெருக்கி வாழ்ந்துவருகின்றன. வறட்சிக் காலங்களில் அவை நீரின்றி மடிவதும் உண்டு. நெய்யும் பாலும் உண்ட குதிரைகள் ஓராண்டில் மாண்டன; புல்லும் வெட்டவெளியும் கிடைத்தவை தலைமுறைகளைக் கடந்தன.

மருத்துவம் மருந்தால் மட்டும் ஆவதன்று. பேணும் உழைப்பும் அறியும் அறிவும் இழப்பின் உணர்வும் ஒரே இடத்திற் கூடும்பொழுதே அது பிறக்கின்றது. இம்மூன்றும் பிரிந்து கிடந்த சமூகத்தில் பொன் கப்பலேறிப் போயிற்று. குதிரை பந்தியில் மாண்டது. கோணமலைக் கல்லிற் பொறித்த கயல்கள் பாண்டியரின் வெற்றியைக் கூறுகின்றன. அவ்வெற்றிக்கு விலை கொடுத்த உழவரையும் பந்தியாளரையும் நம் வரலாற்றில் இடம்பெறச் செய்தல் ஆய்வாளர் கடனாகும்.