கூந்தலும் உரிமையும்

மன்னர்களின் போர்களையே வரலாறு எனப் பயின்று பழகிவிட்டோம். தலைமுடிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் உரிமையின் வரலாறும் ஆகும்.

1786ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் லூசியானா, ஸ்பெயின் நாட்டு ஆட்சியின்கீழ் இருந்தது. அடிமைத்தளை நீங்கி அங்கு வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தம் சுருள்முடியை அழகுறப் புனைந்து உலவியது ஆள்வோர் கண்களை உறுத்திற்று. தலையைத் துணியால் கட்டி மறைத்தல் வேண்டுமென ஆளுநர் எஸ்டெபான் மிரோ ஆணையிட்டார். அப்பெண்களோ வண்ணத் துணிகளை எழிலுறச் சுற்றி, இழிவென விதித்ததையே அணியாக்கிக் கொண்டனர்.

இஃது எங்கோ நடந்த கதைதானே என்று எண்ணற்க. சிவகாசியும் விருதுநகரும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதியார் சிலர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. பெண்கள் மலர் சூடலாகாது, ரவிக்கை அணியலாகாது என்பன அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் தீக்கிரையாயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின; நம் பிள்ளைகள் எழுத்தறிதல் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. அக்கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

அங்கே 'மூடு' என்றனர். இங்கே 'சூடாதே' என்றனர். நோக்கம் ஒன்றே. மலரையும் எழுத்தையும் அடுத்தடுத்துத் தடுத்தது ஏன்? தன் உருவைத் தாழ்வென எண்ணாதவர் பிறர்முன் தலைகுனியார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கறுப்பின மக்கள் 1960களில் 'கறுப்பே அழகு' என முழங்கித் தம் இயற்கை முடியைப் பெருமையுடன் வளர்த்தனர். இயற்கை முடியைக் காரணங்காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2019இல் இயற்றியது.

நம் நிலை என்ன? கேலிக்கு அஞ்சித் தன் சுருட்டை முடியை எண்ணெயிட்டு அழுத்தி வாரி வரும் மாணவியரை என் வகுப்பறைகளில் கண்டிருக்கின்றேன். மகளே, வெட்கம் எதற்கு? பட்டாசு ஆலையிலிருந்து பொடி படிந்த கூந்தலோடு திரும்பும் உன் தாய், அதைக் கழுவி முடித்து மறுநாள் ஒரு முழம் மல்லிகை சூடுகின்றாளே, அந்த ஒரு முழத்திற்காக நம் முன்னோர் குடிசை இழந்தனர். அவள் சூடிய மலரும் உன் கையிலுள்ள புத்தகமும் ஒரே போராட்டத்தில் வென்றவை. இரண்டையும் போற்றுவோம், நிமிர்ந்து நடப்போம்!