பையனாகப் பிறந்த நேவ்

சீட்டுக்கட்டில் ராஜா ராணிக்கு அடுத்து நிற்பவனை நாம் ஜாக்கி என்கிறோம். இங்கிலாந்தில் நெடுங்காலம் அவனுக்கு 'நேவ்' என்றுதான் பெயர். அகராதியைப் புரட்டினால் அயோக்கியன், போக்கிரி, ஏமாற்றுக்காரன் என்று பொருள் போட்டிருக்கும். பிறக்கும்போது அவன் மேல் இந்தப் பழி எதுவும் இல்லை.

இந்தச் சொல்லின் பழைய ஆங்கில வடிவமான 'க்னாஃபா' என்றால் பையன், அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'க்னாபெ' இன்றும் பையன்தான். 14-ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் ஆண் குழந்தையைக் குறிக்கவே இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். இப்போது வாயடைத்து நிற்கும் முதல் எழுத்து 'கே'யையும் அப்போது உச்சரித்தார்கள்.

பையன் வேலைக்காரன் ஆனதில் வியப்பு இல்லை. ஐம்பது வயதுக்காரரையும் 'ஆபீஸ் பையன்' என்கிற வழக்கம் நமக்கும் உண்டே. வேலைக்காரன் எப்படி ஏமாற்றுக்காரன் ஆனான் என்பதுதான் விவகாரம். எழுதுகோல் எஜமானர்கள் பக்கம் இருந்தது. வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார்மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. பண்ணைக் குடியானவனைக் குறித்த சொல்தான் பின்னாளில் 'வில்லன்' ஆனது. அதுவும் இதே வழிதான்.

இதே வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தான். 'க்னிஹ்ட்' என்ற சொல்லுக்கும் பையன், ஏவலாள் என்றே பொருள். அவன் குதிரையும் வாளுமாக அரசனுக்குச் சேவகம் செய்யப் போனான். 'நைட்' என்ற பட்டம் பெற்று 'சர்' ஆகிவிட்டான். சமையற்கட்டுப் பக்கம் நின்றவன் நேவ் ஆனான். 1978-இல் ரேமண்ட் ஸ்மல்யன் வெளியிட்ட புதிர்ப் புத்தகத்தில் ஒரு தீவு வரும். அங்கே நைட்டுகள் உண்மையே பேசுவார்கள், நேவ்கள் பொய்யே பேசுவார்கள். இருவரும் ஒரே பொருளில் தொடங்கியவர்கள் என்பது புதிர் போடுகிறவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை.

ஷேக்ஸ்பியர் காலத்தில் சொல் இரண்டு பக்கமும் ஊசலாடியது. 'லியர் மன்னன்' நாடகத்தில் லியர் தன் விதூஷகனைச் செல்லமாக அழைப்பதும் இந்தச் சொல்லால்தான், கென்ட் பிரபு பணியாள் ஆஸ்வால்டை வாய் ஓயாமல் திட்டுவதும் இதே சொல்லால்தான்.

சீட்டில் அவன் வந்து சேர்ந்த வழி வேறு. மம்லூக்குகளின் எகிப்தில் இருந்த சீட்டுக்கட்டில் ராணி கிடையாது. ராஜாவுக்குக் கீழே 'நாயிப்' என்ற துணை அதிகாரிகள். 14-ஆம் நூற்றாண்டில் சீட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தபின், அந்த அதிகாரியின் இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 'வாலே' எனும் பணியாளை வைத்தார்கள். பணியாள் என்றாலும் பெயர் கொடுத்தார்கள்: அவர்களுடைய ஹார்ட்டின் வாலே, ஜோன் ஆஃப் ஆர்க்கின் பக்கம் நின்று போரிட்ட லா ஹீர். ஆங்கிலேயர் பெயர் எதுவும் வைக்கவில்லை, நேவ் என்றதோடு சரி. 1865-இல் வெளிவந்த 'ஆலிஸ்' கதையில் பலகாரம் திருடியதாகக் கூண்டில் ஏற்றப்படுபவனும் ஹார்ட்டின் நேவ்தான்.

'ஜாக்' என்பது சாமானியர்கள் ஆடிய 'ஆல் ஃபோர்ஸ்' ஆட்டத்தின் சொல். மேட்டுக்குடிக்கு அது ஆகாது. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் சிறுவன் பிப், நேவை ஜாக் என்று சொல்லிவிட, எஸ்டெல்லா இளக்காரமாகப் பேசுகிறாள். ஆனால் எஸ்டெல்லாவின் தரப்பைக் கவிழ்த்தது அச்சகம். சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தபோது, ராஜாவுக்கும் நேவுக்கும் ஒரே 'கே'. நேவுக்குப் பக்கத்தில் ஒரு 'என்' சேர்த்துப் பார்த்தார்கள். விசிறிபோல் பிடித்த கையில் அந்தச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தப்பியது. 'ஜே' வந்தது, குழப்பம் தீர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆடப்படும் 304 என்ற சீட்டாட்டத்தில் ராணிக்கு 2 புள்ளி, ராஜாவுக்கு 3. ஜாக்கிக்கு 30.