மலாக்காவில் ஒரு நாள்: நம் முன்னோர் நடந்த தெருக்கள்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு புதன்கிழமை, எங்கள் ஜவுளிக்கடையை ஒரு நாள் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மலாக்கா புறப்பட்டோம். சுபுஹு தொழுத கையோடு கிள்ளானிலிருந்து காரைக் கிளப்பினோம். உம்மா வழக்கம்போல் இடியப்பமும் கோழிக் குழம்பும் கட்டி எடுத்துக்கொண்டார்கள். தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் அங்கே சரக்குக் கொடுக்கப் போயிருக்கிறோமே தவிர, ஊரைப் பார்க்கப் போனதில்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முதலாம் படிவம் படிக்கும் எங்கள் மகன் ஒரு நாள் பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தான். கூடப் படிக்கும் பையன் ஒருவன் சண்டையில் அவனைக் "கிளிங்" என்று ஏசியிருக்கிறான். "வாப்பா, நாம இந்த நாட்டுக்கு எப்ப வந்தோம்? பாட்டனார் கப்பல்ல வந்தாங்கன்னு சொல்றீங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க யாருமே இங்க இல்லையா?" என்று கேட்டான். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவதே மேல் என்று தோன்றியது.

முதலில் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்துக்குப் போனோம். அங்கே பழைய சுல்தான்களின் அரண்மனையைப்போல் மரத்தால் கட்டப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில் சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனை பற்றி உள்ள வருணனையைக் கொண்டு அதை அமைத்திருக்கிறார்கள்.

அதே நூல் நம்மைப் பற்றியும் பேசுகிறது. கிளிங் நாட்டிலிருந்து மணி புரிந்தன் என்ற முஸ்லிம் பிரமுகர் மலாக்கா வந்து, அரசவைப் பெருமகன் ஒருவரின் மகளை மணந்தார். அவருடைய மகள் துன் ரத்னவதி, சுல்தான் முகம்மது ஷாவின் மனைவியானார். அவர்களுடைய மகன் ராஜா காசிம்தான், 15ஆம் நூற்றாண்டின் நடுவில் சுல்தான் முஸஃபர் ஷா என்ற பெயரில் அரியணை ஏறியவர். மணி புரிந்தனின் மகன் துன் அலி நாட்டின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், ஆனார். துன் அலியின் மகன் துன் முத்தாஹிரும் பின்னர் அதே பதவியை வகித்தார். மகன் இதைக் கேட்டுவிட்டு, "இது எங்க புத்தகத்துல இப்படி இல்லையே" என்றான்.

வரலாற்றில் பெருமை மட்டும் இருப்பதில்லை என்பதையும் அவனிடம் சொன்னோம். ராஜா முதலியார், நைனா சூரதேவனா என்ற இரு கிளிங் வணிகர்களுக்குள் ஒரு வழக்கு. தீர்ப்பு வருமுன் ஒருவர் இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தார். அது மற்றவர் காதுக்கு எட்டியது. தாம் தொலைந்தோம் என்று அஞ்சிய அவர், பெண்டஹாரா அரியணையைப் பிடிக்கத் திட்டமிடுகிறார் என்று லக்ஸமானாவிடம் கோள் மூட்ட, அது சுல்தான் மகமூது வரை போனது. 1510இல் துன் முத்தாஹிர் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டார். விசாரித்தபோது அது அவதூறு என்று தெரிந்து சுல்தான் வருந்தினார் என்கிறது அந்நூல். மறு ஆண்டே, 1511இல், போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். வியாபாரிகளான நமக்கு இது வெறும் ராஜா கதை அல்ல. இரு கடைக்காரர் பகை எங்கே போய் முடியலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அங்கிருந்து சில அடிகள் நடந்தால் 'ஆ ஃபமோசா' கோட்டை வாசல். போர்த்துகீசியர் பள்ளிவாசலையும் அரச கபுறுகளையும் இடித்த கற்களைக் கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1641இல் அது டச்சுக்காரர் கைக்குப் போனது. பின்னர் ஊரைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் 1807இல் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தார்கள். எஞ்சியது இந்த ஒரு வாசல் மட்டுமே. கற்கள் யானை அளவிலும் வீட்டளவிலும் வானத்தில் பறந்து கடலில் விழுந்ததைச் சிறுவனாக இருந்த முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். இப்போது வாசலில் நின்று பார்த்தால் கடலைக் காணோம். மண் கொட்டி நிரப்பிக் கடைத்தொகுதிகள் கட்டிவிட்டார்கள்.

வெயில் ஏறியது. உம்மாவுக்கு முழங்கால் வலி. நிழலில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தோம். இன்று படகுச் சவாரி நடக்கும் இந்தச் சின்ன ஆற்றின் முகத்துவாரத்தில்தான் அன்று உலகத்துச் சரக்கெல்லாம் இறங்கியது. 1512 முதல் சில ஆண்டுகள் இங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் புழங்கியதாக எழுதினார். வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தனர். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு முதலிய கீழ்த்திசைத் தீவினருக்கு ஒருவர், சீனர் பக்கம் ஒருவர். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி.

நம்மவர் கொண்டுவந்த சரக்கு என்ன தெரியுமா? துணி. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணியை இங்கே கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கிப் போனார்கள். காற்று திரும்பும்வரை ஊர் போக முடியாது. அப்படிக் காத்திருந்த மாதங்களில்தான் வீடு வந்தது, பெண் எடுப்பது வந்தது, பள்ளிவாசல் வந்தது. இன்றும் ஜவுளி விற்றுப் பிழைக்கும் எங்களுக்கு அந்த ஆற்றங்கரையில் நின்றபோது ஒரு நெருக்கம் தோன்றியது.

பாலம் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ் போனோம். ஒரே வரிசையில் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில், நம் பள்ளிவாசல், செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். பள்ளிவாசல் முகப்பில் பெயர்ப்பலகையைப் படித்த மகன் அப்படியே நின்றுவிட்டான். "வாப்பா, போர்டுலேயே அந்த வார்த்தை இருக்கே!"

ஆம், அது கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் முதலில் மரத்தால் எழுப்பினார்கள். 1872இல் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறுவதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இங்கே பள்ளிவாசல் எழுப்பியிருக்கிறார்கள். கலிங்கம் என்ற பெயரின் வழி வந்த சொல்தான் கிளிங் என்பார்கள். பழைய மலாய் நூல்களில் அது கடல் கடந்து வந்த நம்மவரைக் குறிக்கும் பெயர். அதில் இழிவு இல்லை. பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரும் அப்படித்தான். பின்னாளில் சில வாய்கள் அதை ஏச்சாக்கிவிட்டன. "பெயர் பழசு, ஏச்சுதான் புதுசு. ஏசினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் பலகையைப் பார்த்து நீ வெட்கப்பட வேண்டியதில்லை" என்றோம்.

ஒளு செய்து லுஹர் தொழுதோம். மூன்றடுக்குக் கூரை சுமத்ரா பாணி. மினாரா சீனப் பகோடா போல. தூண்கள் ஐரோப்பிய வேலைப்பாடு. நடுவில் தொங்கும் சரவிளக்கு விக்டோரியா காலத்தது. மிம்பர் நுணுக்கமான மரச்செதுக்கு. எங்கிருந்து எது நன்றாகக் கிடைத்ததோ அதை வாங்கி அல்லாஹ்வின் வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

தொழுகை முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது முன்ஷி அப்துல்லாவின் கதையைச் சொன்னோம். 1796இல் இதே மலாக்காவில் பிறந்து, நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். அவருடைய பூட்டனார் ஏமனிலிருந்து நாகூர் வந்து பெண் எடுத்த அரபியர். பாட்டனார் மலாக்கா வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அப்துல்லா தம் வரலாற்றில் ஒரு செய்தி சொல்கிறார். தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்தார். கணக்கு வழக்குக்கும் வணிகருடன் பேசவும் தமிழ் வேண்டும் என்பதால், மலாக்காவில் வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது பழைய வழக்கமாம்.

இதைக் கேட்டதும் உம்மா, "எங்க வாப்பா பேரேடு முழுக்கத் தமிழ்லதான் எழுதுவாங்க. அந்தப் பேரேடு இன்னும் அலமாரியில இருக்கு. இவனுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று பேரனைக் காட்டிக் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆனால் தேசியப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, எழுத்தைக் கற்றுக்கொடுக்க நாங்கள் நேரம் ஒதுக்கவே இல்லை. பலகையில் இருந்த ஒரு சொல்லுக்காக மகனை இத்தனை தூரம் கூட்டி வந்த நாங்கள், அவன் பாட்டனாரின் கையெழுத்தை அவனுக்கு அந்நியமாக்கியிருந்தோம்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மறு வாரம் உம்மா அந்தப் பேரேட்டை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார்கள். இப்போது சனிக்கிழமைதோறும் கடையில் அன்றைய விற்றுவரவை மகன் ஒரு நோட்டில் தமிழில் எழுதுகிறான். 'கைலி' என்பதை இன்னும் 'கயிலி' என்றுதான் எழுதுகிறான். எழுதட்டும், இன்ஷா அல்லாஹ் திருந்திவிடும்.

நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. பெரியவர்கள் எழுதி வைத்த முதல் கூட்டக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. இந்த மலரும் தமிழில் வருகிறது. நூறாவது ஆண்டு மலரைத் தயாரிக்கப் போகிறவர்கள் இன்று நம் வீட்டில் பள்ளிக்கூடப் பையைச் சுமக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு மலாக்கா போய் வாருங்கள். அந்தப் பள்ளிவாசலில் ஒரு வக்து தொழுது, அதைக் கட்டியவர்களுக்காக துஆ செய்யுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் அலமாரியிலும் ஒரு பழைய பேரேடு கிடக்கிறதா என்று பாருங்கள்.