தேர்வைத் தெரிந்தெடுத்தவர் எவர்?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் முன்னோர் வழங்கிய ஊருக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அவ்வூரில் சிலாங்கூர் மாநில அரசாங்கத்தாரின் பல்கலைக்கழகம் நிற்கின்றது. அதே மாவட்டத்துப் பூஞ்சாக் ஆலத்தில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரியதொரு வளாகம் பரந்து கிடக்கின்றது. இவை எழுந்த வட்டாரம் முன்னாளில் பெருங்காடு; பின்னர் பால்மரக் காடு; அதன் பின்னர் செம்பனைக் காடு. இந்நாட்டில் வாணிக நோக்குடன் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதும் 1917-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். தென்னையின் பெயர் பூண்ட தோட்டத்தில் பனை வேரூன்றியது ஒரு வேடிக்கை, அது நிற்க. அந்நிலங்களைத் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளிற் பலர் இன்றும் அதே சுற்றுவட்டாரத்தில், கல்லூரிக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வாழ்கின்றனர். ஆயினும் கல்லூரி வாயிலுக்கும் அவர்களுக்கும் இடையே பரீட்சை என்று ஒன்று நிற்கின்றது.

பிள்ளை பரீட்சையில் தேறினானா என்று வினவும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெறுபேறு வெளியாகும் நாளில் தோட்டத்துக் கோயில் முன்றிலிலும் நகரத்துக் காப்பிக் கடையிலும் அதுவே பேச்சு. அப்பரீட்சையை அவனுக்கென்று தெரிந்தெடுத்தவர் எவர், எதன் பொருட்டுத் தெரிந்தெடுத்தனர் என்ற வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை. மழையும் வெயிலும் போலப் பரீட்சையும் தானே வந்ததென எண்ணியிருக்கின்றோம். உண்மையில் ஒவ்வொரு முறையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர், தத்தம் தேவைக்கு இசைந்த ஒன்றைத் தெரிந்து, அதை நாட்டுப் பிள்ளைகள் யாவர்க்கும் பொதுவென அறிவித்தனர். அவ்வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1858-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பள்ளிப் பரீட்சை, சில ஆண்டுகளில் கடல் கடந்து திரினிடாட் தீவுக்குச் சென்றது. 1891-இல் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் மலாய் நாட்டின் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் பரவிற்று. வினாத்தாள் கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலிற் போகும். திருத்துவோர் இங்கிலாந்தில் இருப்பர். மிளகாய்ச் செடியையும் ரப்பர் மரத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, தான் காணாத நாட்டின் அரசர் வரிசையை மனப்பாடம் செய்தான். ஆட்சியாளர் இதைத் தெரிந்தெடுத்ததற்குரிய காரணங்கள் எளியவை. அலுவலகங்களுக்கு ஆங்கிலம் எழுத வல்ல கிராணிகள் தேவைப்பட்டனர். அவர்களை அளக்க ஒரு கோல் வேண்டும். புதிய கோலொன்றைச் செய்வதினும் ஆயத்தமாயுள்ளதை வாங்குவது எளிது. அன்றியும் அதன் சான்று இங்கிலாந்திலும் செல்லும். 1905-இல் சிங்கப்பூரில் எழுந்த மருத்துவப் பள்ளியும், 1928-இல் வகுப்புகள் தொடங்கிய இராபிள்ஸ் கல்லூரியும், அவ்விரண்டும் இணைந்து 1949 அக்டோபரில் உருவான மலாயாப் பல்கலைக்கழகமும் ஆங்கிலப் பள்ளியின் வழியே வந்தவர்க்கே கதவு திறந்தன.

அக்காலத்தில் தோட்டத்தில் நடந்தது என்ன? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது. தகரக் கூரையின் கீழோ, கோயில் மண்டபத்திலோ, பிள்ளைமடுவத்தின் ஓரத்திலோ வந்தது. பல இடங்களில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணிய கங்காணியோ கிராணியோதான் பொழுது ஏறியபின் உபாத்தியாயர். நான்காம் வகுப்புக்கு அப்பாற் செல்லாத பள்ளிகள் ஏராளம். அங்கே தமிழ் நெடுங்கணக்கும் சிறிது கணக்கும் பயின்ற பிள்ளை, பத்து வயதில் தாயுடன் ஒட்டுப்பால் சேர்க்கப் போனான். அவனிடமிருந்து சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரை எவ்விதப் பாதையும் போடப்படவில்லை. அவனைத் தோல்வியுற்றவன் என்று கூறவும் இயலாது. அப்பரீட்சை அவனை அறிந்திருக்கவே இல்லை.

நகரத்தில் கதை வேறு. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த தமிழர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்தனர். அவர்தம் பிள்ளைகளும், ஓரளவு வசதி பெற்ற பிற தமிழர் பிள்ளைகளும், 1893-இல் தோன்றிய கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகம் போன்ற பள்ளிகளிற் பயின்று கேம்பிரிட்ஜ் சான்று பெற்றனர். அவர்கள் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அச்சான்றைச் சட்டமிட்டு மாட்டிய வீடுகள் சிலவற்றில், தோட்டத்தானைத் தம்மவன் என்று சொல்லக் கூசிய மனமும் குடியிருந்தது. சாதியும் அதற்குத் துணை நின்றது. வெள்ளையர் அமைத்த பரீட்சை நம்மவர் நடுவே இழுத்த கோட்டை, நம்மவரே மைதொட்டு அழுத்தி எழுதினர். இதனை மறைப்பதிற் பயனில்லை.

1951-இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாய், ஆங்கிலம் ஆகியவற்றின் வழிக் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளை அமைக்குமாறு கூறியது. சீனரும் இந்தியரும் எதிர்த்தனர். 1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. தமிழ்ப்பள்ளி தொடக்கப்பள்ளியாக நிற்கலாம். பாடத்திட்டம் யாவர்க்கும் பொது. பரீட்சையும் யாவர்க்கும் பொது என்றது அது. அதே ஆண்டில் பரீட்சைகளை நடத்துதற்கென நாட்டின் சொந்த வாரியமும் தோன்றிற்று. நல்லதொரு தொடக்கமே. பொதுப் பரீட்சை என்ற சொல்லில் நம்மவர் நம்பிக்கை வைத்ததிலும் தவறில்லை.

ஆனால் 1957 முதல் 1963 வரை ஆறாம் வகுப்பு முடிவில் வைக்கப்பட்ட இடைநிலைப்பள்ளி நுழைவுப் பரீட்சையைச் சிறிது நின்று பார்த்தல் வேண்டும். தொடக்கப்பள்ளி முடித்தவர்களிற் சுமார் 30 விழுக்காட்டினர்க்கே இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. எஞ்சியோர் அறிவிலிகளா? இல்லை. நாற்காலிகள் அத்துணையே இருந்தன. இருக்கும் நாற்காலியை எண்ணி, அதற்கேற்பச் சல்லடையின் கண்ணைச் சுருக்கினர். பின்னர், கீழே விழுந்த பிள்ளையைப் பார்த்து, நீ தகுதியற்றவன் என்றனர். பள்ளிக்கூடம் கட்டப் பணமில்லை என்ற செய்தி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மூளை போதாது என்ற செய்தியாக உருமாறி லயத்துக்கு வந்து சேர்ந்தது. தந்தையும் அதை நம்பினார். "உனக்குப் படிப்பு ஏறாதப்பா, நாளைக்குப் புல்வெட்டுக்கு வா" என்றார். இவ்வாறு ஏழாண்டுகள். 1964-இல் அரசாங்கத்தார் அப்பரீட்சையை நீக்கினர். 1965 முதல் இடைநிலை மூன்றாம் படிவம் வரை யாவர்க்கும் இடம் என்றாயிற்று. நேற்றுவரை தகுதியற்றிருந்த பிள்ளைகள் ஒரே நாளிற் தகுதி பெற்றனர்! பிள்ளைகள் மாறவில்லை, மேசையிலிருந்த தாள் மாறியது.

இதற்கிடையே 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961-இல் கல்விச் சட்டமும் வந்தன. பொதுப் பரீட்சைகள் நாட்டின் அதிகார மொழிகளில் மட்டுமே நடைபெறும் என்று முடிவாயிற்று. ஒரு நாடு தன் மொழியிற் தன் பரீட்சையை நடத்துதல் முறையே. அதில் நமக்கு வழக்கில்லை. ஆறாண்டு தமிழிற் பயின்ற பிள்ளை வேற்றுமொழி வகுப்புக்குள் நுழைய ஓராண்டுப் புகுமுக வகுப்பில் அமர வேண்டியதாயிற்று. அம்மாற்றத்தின் செலவு முழுவதையும் அப்பிள்ளை தன் வயதிலிருந்து கட்டினான் என்பதே நாம் குறிப்பது. இரண்டு தம்பிமார் பின்னே நிற்கும் தோட்டத்துக் குடும்பத்தில் ஓராண்டு என்பது சிறிய தொகையன்று.

கேம்பிரிட்ஜின் பிடி உயர்நிலையில் இன்னும் நெடுநாள் இருந்தது. 1980-இல் சட்டத்தின் மூலம் மலேசியத் தேர்வு மன்றம் அமைந்து, 1982-இல் எஸ்.டி.பி.எம். என்னும் பரீட்சை முதன்முறையாக நடந்தது. விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தே கல்லூரி வாயிலின் பரீட்சை நமதாயிற்று. அதற்குள் 1969-ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டிப் பல்கலைக்கழக இடங்களில் இன ஒதுக்கீடு வந்துவிட்டது. 2002-இல் ஒதுக்கீட்டை நீக்கித் தகுதிமுறை கொண்டுவந்தோம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் தகுதியை அளக்கக் கோல்கள் இரண்டு! ஒன்று, நாடெங்கும் பொதுவாக நடைபெறும் எஸ்.டி.பி.எம். மற்றொன்று, கல்வி அமைச்சின் கல்லூரிகளில் நடைபெறும் மெட்ரிகுலேஷன். இவற்றுள் இரண்டாவது பெரும்பாலோர்க்கு ஓராண்டிலேயே முடியும்; இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்திராக்களுக்கு, 10 விழுக்காடு ஏனையோர்க்கு. 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அவ்விகிதம் மாறவில்லை. இரு வேறு படிகளால் அளந்த நெல்லை ஒரே குதிரிற் கொட்டி, எவன் நெல் மிகுதி என்று கேட்பதை உழவன் ஒப்பமாட்டான்.

பிற நாட்டார் இதனை எங்ஙனம் செய்கின்றனர் என்று பார்த்தல் நலம். அமெரிக்காவில் மாநிலந்தோறும் இவ்வேலை நடக்கின்றது. இல்லினோய் மாநிலம் 2001-இல் ஏ.சி.டி. என்னும் கல்லூரிப் பரீட்சையைத் தன் அரசாங்கப் பள்ளி மாணாக்கர் அனைவர்க்கும் வைத்தது, 2017-இல் எஸ்.ஏ.டி. என்பதற்கு மாறியது, 2025-இல் மீண்டும் ஏ.சி.டி.க்கே திரும்பியது. அங்கே பரீட்சை நடத்துவோர் கடைக்காரர். மாநிலம் ஒப்பந்தப்புள்ளி கேட்டு வாங்குகின்றது. இது தூய முறை என்று நாம் கூறவில்லை, வாணிகம் வாணிகமே. எனினும் பரீட்சை தெரிந்தெடுக்கப்படும் ஒரு பண்டம் என்பது அங்கே வெளிப்படை. விலை என்ன, ஏன் மாற்றினீர் என்று பெற்றோர் கேட்க இடமுண்டு. தமிழ்நாட்டில், 1984 முதல் நடந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை, அது நாட்டுப்புறப் பிள்ளைகளுக்குத் தடையென்று கருதி 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கினர். 2017-இல் நீட் என்னும் நடுவணரசுப் பரீட்சை மருத்துவக் கல்லூரி வாயிலில் வந்து நின்றது. 2020-இல், அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 7.5 விழுக்காடு இடம் தனியே ஒதுக்க வேண்டியதாயிற்று. சல்லடையை மாற்ற முடியாதபோது, சல்லடைக்குக் கீழே ஒரு தட்டேனும் பிடித்தனர்.

நம்மவர் குரல் பரீட்சையை மாற்றியதே இல்லையா என்று கேட்போர்க்கு 2009-ஆம் ஆண்டைக் காட்டலாம். அவ்வாண்டின் நடுவில், எஸ்.பி.எம். பரீட்சையில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கலாகாது, 2010 முதல் இது நடைமுறை என்று கல்வி அமைச்சு அறிவித்தது. கணக்கிட்டுப் பாருங்கள். அறிவியல் பிரிவு மாணாக்கனுக்கு மலாய், ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என ஒன்பது போய்விடுகின்றது. எஞ்சுவது ஒன்று. தமிழ்மொழி எடுத்தால் தமிழிலக்கியம் இல்லை. கணக்கியல் எடுத்தால் இரண்டும் இல்லை. தமிழை எவரும் தடைசெய்யவில்லை; பாடம் இருந்தது, பரீட்சையும் இருந்தது. எண்ணைச் சுருக்கிய அளவிலேயே இலக்கியம் வேலிக்கு வெளியே நின்றது. ஓய்வு நேரத்தில் இலக்கியம் சொல்லிக்கொடுத்து வந்த ஆசிரியர்களும், தமிழ் அமைப்பினரும், பெற்றோரும் எழுந்தனர். ஊர்தோறும் கூட்டம், நாளிதழ்தோறும் கடிதம். அவ்வாண்டு முடிவதற்குள் அமைச்சரவை இறங்கிவந்து, பத்தோடு இரண்டு, ஆகப் பன்னிரண்டு என்று திருத்திற்று. பெரிய வெற்றி என்று மார்தட்டுவதற்கில்லை. உடைமையை உடையவரே மீட்ட கதைதான். ஆயினும் மேசையைச் சுற்றி அமர்ந்தோர் வெளியே நின்றோர் குரலைக் கேட்டு எண்ணை மாற்றினர்.

அந்தப் பன்னிரண்டின் பயன் இப்போது வேறோரிடத்திற் தெரிகின்றது. 2024-இன் நடுவில், எஸ்.பி.எம். பரீட்சையில் பத்து ஏ பெற்றோர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். சிலாங்கூரின் மெட்ரிகுலேஷன் கல்லூரி தெற்கே பந்திங்கில் உள்ளது. வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு அது தொலைவெனினும் அங்கே விடுதி உண்டு. அவ்வறிவிப்பை நாம் வரவேற்றோம். ஆனால் எண் மீண்டும் குறுக்கே வருகின்றது. மேலே எண்ணிய ஒன்பது பாடங்களை மட்டும் எடுத்த பிள்ளை, ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் பத்தாகாது. நகரத்துப் பெரிய பள்ளியில் பத்தாவது பாடத்துக்குப் பஞ்சமில்லை. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் அந்தப் பத்தாவது எங்கிருந்து வரும்?

தமிழ்மொழியாக வரலாம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் பதினைந்து மாணாக்கரின் பெற்றோர் கேட்பின் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்துதரல் வேண்டும். பதினான்கு கையெழுத்துக்கு அக்கடமை எழாது. ஆதலின் இப்பகுதிப் பெற்றோர், பிள்ளை முதற் படிவத்தில் கால் வைக்கும் சனவரியிலேயே, ஐந்தாம் படிவத்தை நினைந்து அத்தாளை எழுதித் தலைமையாசிரியர் மேசையிற் சேர்ப்பாராக. கையெழுத்திடத் தெரியாத பாட்டி வளர்க்கும் பிள்ளையும் அவ்வகுப்பில் இருப்பான்; அவனுக்காக அவ்வீட்டுக்கு ஒருவர் நடந்து சென்று, தாளில் இருப்பதைப் படித்துக் காட்டி, அவரது பெருவிரற் பதிவையும் பெற்று வருதல் வேண்டும்.