இடக்குறிமுறையின் வரலாறு: லூட் முதல் பேஸ் கிட்டார் வரை

0. முன்னுரை

இசையை எழுதிவைக்கும் முறைகளை இருவகையாகப் பகுக்கலாம். எழவேண்டிய ஒலி எது என்று கூறுவது ஒருவகை. அவ்வொலியை எழுப்பக் கருவியில் எவ்விடத்தைத் தொடவேண்டும் என்று கூறுவது மற்றொருவகை. மேலைநாட்டு ஐங்கோட்டுக் குறிமுறை முதல்வகையைச் சாரும். பேஸ் கிட்டார் பயில்வோர் பாடல்களைக் கற்கப் பெரிதும் பயன்படுத்தும் டேப்லச்சர் இரண்டாம்வகையைச் சாரும். இதனை இடக்குறிமுறை எனலாம். இசைக்குறி படிக்கத் தெரியாதவர்களின் குறுக்குவழியாக இது கருதப்படுவதுண்டு. இதன் வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை. இம்முறை எதை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது, விடுபட்டதை நிறைவுசெய்வது எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. குறிமுறையின் அமைப்பு

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் தாழ்ந்த ஒலியிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி கூட்டப்படும். ஏட்டில் நான்கு கிடைக்கோடுகள் இந்நான்கு தந்திகளைக் குறிக்கும். மேற்கோடு ஜி, கீழ்க்கோடு ஈ. கோட்டின்மேல் எழுதப்படும் எண், விரல் வைக்கவேண்டிய மெட்டினைக் காட்டும். மெட்டு என்பது இங்கு, வீணையிற்போல, தந்திக்குக் கீழே குறுக்காகப் பதித்த கட்டையையோ கம்பியையோ குறிக்கும். விரல் வைக்காத திறந்த தந்திக்கு 0 எழுதப்படும்.

ஜி தந்தியைத் திறந்து மீட்டினாலும், டி தந்தியை 5ஆம் மெட்டிலோ, ஏ தந்தியை 10ஆம் மெட்டிலோ, ஈ தந்தியை 15ஆம் மெட்டிலோ அழுத்தி மீட்டினாலும் பிறக்கும் சுரம் ஒன்றே. ஐங்கோட்டுக் குறிமுறை இந்நான்கினையும் ஒரே குறியால் எழுதும். இடக்குறிமுறை நான்காகப் பிரித்தெழுதும். சுரம் ஒன்றாயினும் ஒலிநிறம் வேறு, கையின் அடுத்த நகர்வும் வேறு என்பதால் இவ்வேறுபாடு பொருளுடையது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகளை உறுப்புகள் பொருந்தும் இடம்கொண்டு விளக்குகிறது. 1867இல் அலெக்சாண்டர் மெல்வில் பெல் வெளியிட்ட எழுத்துமுறை பேச்சுறுப்புகளின் நிலையையே வரிவடிவமாக்கியது. இடக்குறிமுறையும் இவைபோன்று பிறப்பிடம் நோக்கியதே.

2. ஐரோப்பிய மரபுகள்

லூட் என்னும் தந்திக்கருவிக்கு ஐரோப்பாவில் பல இடக்குறி மரபுகள் வழங்கின. ஜெர்மானிய முறையில் கோடுகள் இல்லை. தந்தியும் மெட்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு தனிக்குறி உண்டு. இதனை நியூரம்பர்கின் பார்வையற்ற இசைஞர் கொன்ராட் பௌமானுக்கு உரியதாக்கும் மரபினை, செபாஸ்டியான் விர்டுங் 1511இல் வெளியிட்ட நூலில் காணலாம். இத்தாலிய முறையில் கோடு தந்தியையும் எண் மெட்டையும் காட்டின. பெத்ரூச்சி வெனிஸ் நகரில் 1507இல் அச்சிட்ட ஸ்பினச்சினோவின் நூல் இம்முறையினது. பிரெஞ்சு முறை எண்ணுக்கு மாற்றாக இலத்தீன் எழுத்துகளைக் கொண்டது.

உயிர்மெய் எழுத்தில் மெய்க்கூறும் உயிர்க்கூறும் பிரித்தறியப்படுவதுபோல, இத்தாலிய, பிரெஞ்சு முறைகளில் தந்தியும் மெட்டும் பிரித்தறியப்படும். பகுக்கவியலாத குறிகளைக் கொண்ட ஜெர்மானிய முறை வழக்கொழிந்தது. பகுக்கக்கூடிய முறைகள் அதற்குப் பின்னும் வாழ்ந்தன. இத்தாலிய முறையில் மேற்கோடு தாழ்ந்த ஒலித் தந்திக்கு உரியது. ஸ்பெயினில் லூயிஸ் மிலான் 1536இல் வெளியிட்ட நூல் உயர்ந்த ஒலித் தந்தியை மேற்கோட்டில் வைத்து எண்களால் எழுதியது. இன்றைய பேஸ் கிட்டார் ஏட்டின் வரிசையும் இதுவே.

3. பெயர்த்தெழுதுதல்

பலகுரல் பாடல்களை லூட்டுக்கு ஏற்ப இடக்குறியில் பெயர்த்தெழுதுவது 16ஆம் நூற்றாண்டில் தனிக்கலையாக வளர்ந்தது. வின்செஞ்சோ கலிலேயி 1568இல் வெளியிட்ட 'ஃப்ரோனிமோ' இதற்கு விதி கூறும் உரையாடல் நூலாகும். மூலப்பாடலின் ஏட்டில் சில சுரங்களை அரைச்சுரம் உயர்த்துவதும் தாழ்த்துவதும் எழுதப்படுவதில்லை. மரபறிந்த பாடகர் அவற்றைத் தாமே உணர்ந்து பாடினர். புள்ளியிடாத ஓலைச்சுவடியில் மெய்யையும் அகரமேறிய மெய்யையும் இடம்நோக்கி உணர்ந்து படித்த வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். இடக்குறியில் பெயர்ப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் ஏதேனும் ஒரு மெட்டின் எண்ணை எழுதியாக வேண்டும். ஆதலால் மூலம் சொல்லாமல் விட்டதைப் பெயர்ப்பு சொல்லிவிடுகிறது. அக்காலப் பாடும்முறையை ஆராய்வோர்க்கு இவ்வேடுகள் சான்றாவது இதனாலேயே. எனினும் ஒரே பாடலை இருவர் இருவேறாகப் பெயர்த்திருப்பதால், அவை தனிமனிதரின் முடிபுகள் என்பதையும் மறத்தலாகாது.

இழப்பும் உண்டு. லூட் ஏட்டின் மேலுள்ள தாளக்குறி, அடுத்த மீட்டல் எப்போது என்று மட்டுமே கூறும். ஒவ்வொரு குரலும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்னும் செய்தி பெயர்ப்பில் மறைந்துவிடுகிறது.

4. கால அளவின்மை

கால அளவே எழுதப்படாத இடக்குறிக்குச் சீனத்தின் குச்சின் கருவி எடுத்துக்காட்டாகும். 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த 'யூலான்' சுவடி, எந்த விரலால் எந்தத் தந்தியை எவ்வாறு தொடுவது என்பதை உரைநடையில் விரிக்கிறது. பின்னாளில் இவ்விவரங்கள் எழுத்துக்கூறுகளை இணைத்த சுருக்கக்குறிகளாயின. இரண்டிலும் சுரங்களின் நீட்டம் நேரடியாகக் குறிக்கப்படவில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செவிவழி வந்த மரபே அதனைக் காத்தது. மரபு அறுந்த பாடல்களை மீட்பது பெருமுயற்சியாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் குவான் பிங்ஹூ அவ்வாறு மீட்டவற்றுள் 'யூலான்' ஒன்று.

5. பேஸ் கிட்டார் ஏடு

18ஆம் நூற்றாண்டில் லூட் வழக்கு குறைந்தது. கிட்டார் ஐங்கோட்டுக் குறிமுறைக்கு மாறியது. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் மெட்டுகள் உடையது. எனவே எண்ணால் எழுதுவதற்கு ஏற்றது. 1980களில் அமெரிக்கக் கிட்டார் இதழ்கள் ஐங்கோட்டுக் குறியையும் இடக்குறியையும் மேலும் கீழுமாக அச்சிட்டன. அங்குத் தாளத்தை மேல்வரியும் இடத்தைக் கீழ்வரியும் உணர்த்தின. 1990களில் கணிப்பொறி விசைப்பலகையின் சிறுகோடுகளாலும் எண்களாலும் ஆர்வலர்கள் எழுதிப் பரிமாறிய ஏடுகளில் மேல்வரி மறைந்தது; அதனோடு தாளமும் பெரும்பாலும் மறைந்தது.

ஆயினும் பயில்வோர் இடர்ப்படவில்லை. பாடல் ஒலிப்பதிவாக அவர்களிடம் இருந்தது. எங்கே தொடுவது என்பதை ஏடு கூறியது. எப்போது, எவ்வளவு நேரம் என்பதைச் செவி அறிந்தது. குச்சின் மரபில் ஆசிரியர் செய்த பணியை இங்கு ஒலிப்பதிவு செய்தது.

6. முடிவுரை

இடக்குறிமுறை குறையுடைய ஐங்கோட்டுக் குறிமுறை அன்று. வேறொன்றை எழுதும் முறை. அது செயலை எழுதுகிறது. எழுதாததை உடனிருக்கும் செவிமரபிடம் ஒப்படைக்கிறது. அச்செவிமரபு பிரிந்தால் 1990களின் பேஸ் கிட்டார் ஏடும் 'யூலான்' சுவடியின் நிலையையே அடையும். ஆகவே இத்தகைய ஏடுகளைத் தொகுப்போர் உரிய ஒலிப்பதிவையும் உடன்காத்தல் வேண்டும். ஐங்கோட்டுக் குறியில் பெயர்ப்போர் மூல இடக்குறியையும் உடன் அச்சிடுதல் வேண்டும். பெயர்ப்பாசிரியர் தாமே முடிவுசெய்தவை எவை என்பதைப் படிப்பவர் அறிய இதுவே வழி.